பிறப்புப் புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரச் சொல்

பெரியமலைத் தோட்டம், டயகம
3.3.1957

தங்கை அம்மாக்கண்ணுவுக்கு இராமையா எழுதுவது.

நலம் விசாரிக்க எழுதும் கடிதம் இல்லை இது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கலியாணப் பதிவுக்கு உன் மகளின் பிறப்புப் பத்திரம் வேண்டும் என்று கேட்டிருந்தேன். நீ அரசாங்கக் கச்சேரியில் நகல் எடுத்து அனுப்பினாய். வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது. எனக்கு இங்கிலீஷ் பேச வரும், படிக்க அவ்வளவு வராது. ஆகவே எங்கள் பெரிய கிளாக்கர் செல்லசாமியிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டு கேட்டார்: "என்ன கணக்கப்பிள்ளை, மருமக பேரு நாகலெட்சுமின்னுல்ல சொன்னீங்க? இதுல டார்லிங்னு போட்டிருக்கு!"

ஆபீசில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அதோடு விட்டாரா? "தொரைமார் பொண்டாட்டியக் கொஞ்சுற வார்த்தைங்க இது. வீட்டுக்குப் போயி அண்ணிகிட்டச் சொல்லிப் பாருங்க, சோறு கிடைக்குதான்னு பாப்போம்" என்றார். இருபது வருஷ உத்தியோகத்தில் யார் முன்னாலும் நான் அப்படித் தலை குனிந்து நின்றதில்லை.

நாகலெட்சுமி என்று சொல்லித்தான் என் மகன் கணேசமூர்த்திக்குப் பரிசம் போட்டோம். ஒரு வெள்ளைக்காரன் மனைவியைக் கொஞ்சுகிற வார்த்தை கூலி லயத்தில் பிறந்த பிள்ளைக்கு எப்படிப் பெயராக வந்தது? நீ தொரையின் பங்களாவில் ஆயாவாக இருந்தவள். நான் ஒன்றும் சொல்லவில்லை, எழுத்துதான் சொல்கிறது.

கலியாணம் நடக்காது. பத்திரத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இராமையா,
கணக்கப்பிள்ளை


கல்வளைத் தோட்டம், நோட்டன் பிரிட்ஜ்
12.3.1957

அண்ணனுக்கு,

அன்புள்ள என்று நீங்கள் போடவில்லை. நானும் போடவில்லை.

அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்புத் தமிழ்தான் என் படிப்பு என்பது உங்களுக்குத் தெரியும். கச்சேரியில் கொடுத்ததை உறையில் போட்டு அனுப்பினேன். மறைக்க நினைக்கிறவள் அப்படி அனுப்பமாட்டாள்.

இவள் பிறந்தபோது நான் பங்களாப் படி ஏறினவள் இல்லை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். தொரசாணிக்கு மகன் பிறந்த பிறகுதான் ஆயா வேலைக்குக் கூப்பிட்டார்கள். அப்போது இவளுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. அந்த வேலைக்குப் போகச் சொன்னதே அப்போது இதே தோட்டத்தில் இருந்த நீங்கள். "பங்களா வேலை, மழையில நனைய வேணாம் தங்கச்சி" என்று சொன்ன வாய் இன்றைக்கு வேறு கதை சொல்கிறது.

நீங்கள் கடிதத்தோடு நிறுத்தவில்லை என்பதும் தெரியும். எங்கள் லயத்து மாயாண்டியின் பெண்சாதிக்குப் பிறந்த இடம் உங்கள் தோட்டம். அவள் போன கிழமை அங்கே போய்விட்டு வந்தாள். காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, இருநூறு பேர் நிற்கையில், ஒருத்தர் கலியாணம் எப்போது என்று கேட்டாராம். "பங்களாவுல பேரு வச்ச பொண்ணு நம்ம வீட்டுக்கு வேணாம்ப்பா" என்றீர்களாம். எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அவள் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றே எங்கள் தோட்டமும் கேட்டுவிட்டது.

இப்போது பீலியடியில் தண்ணீர் பிடிக்கப் போனாலும் பின்னால் சத்தம் வருகிறது. "ஏய் டார்லிங், தொரை கூப்புடுறாரு!" மூன்று நாளாக நாகலெட்சுமி கொழுந்து எடுக்க மலைக்குப் போகவில்லை. சாப்பிடுகிறாள், பேசுவதில்லை.

அவள் அப்பா செத்து ஆறு வருஷமாகிறது. அவர் இருந்திருந்தால் இந்த வார்த்தை உங்கள் வாயில் வந்திருக்குமா? என்னைச் சொன்னீர்கள் என்று நினைக்கிறீர்கள். மண்ணுக்குள் இருக்கிற சோலைமலையையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

பஜாரில் கடை வைத்திருக்கிற மக்பூல் நானாவிடம் போய் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவருடைய வாப்பா காலத்திலிருந்து பங்களாவுக்குச் சாமான் கொடுத்தவர்கள். அவர் சிரித்தார். "தொரசாணி அந்தச் சொல்லச் சொல்லாத சாமானே இல்ல தங்கச்சி. நாய்க்குச் சொல்லுவா, குதிரைக்குச் சொல்லுவா. எங்க வாப்பா மாம்பழக் கூடைய இறக்கி வச்சா மாம்பழத்துக்கும் சொல்லுவா. தூக்கிட்டுப் போன வாப்பாவுக்கு மட்டும் ஒரு நாளும் சொல்லல்ல" என்றார்.

இருநூறு பேர் முன்னால் பேசுகிறவருக்கு மாம்பழக்காரருக்குத் தெரிந்த அளவாவது தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாக்கண்ணு


பெரியமலைத் தோட்டம், டயகம
24.3.1957

அம்மாக்கண்ணுவுக்கு,

நாய்க்கும் குதிரைக்கும் சொன்ன வார்த்தை என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தப் பெயருள்ள பெண்ணை என் வீட்டில் விளக்கேற்றச் சொல்கிறாய். நல்லது.

கடைக்காரன் பேச்சை வைத்து எனக்குப் பாடம் சொல்லாதே. செல்லசாமியிடம் தடித்த அகராதி இருக்கிறது. என் முன்னாலேயே பிரித்து வாசித்துத் தமிழில் சொன்னார். மனதுக்கு மிகவும் பிரியமான ஆள், காதலன், காதலி. அது ஒரு பொருள். அதற்குக் கீழே இன்னொன்று. ராஜாவுக்குப் பிடித்தமானவன், தகுதியால் இல்லாமல் பிரியத்தால் சலுகை பெறுகிறவன். பங்களாவில் சலுகை பெற்றது யார்? யாருக்குக் கம்பளி வந்தது? யார் வீட்டுக்குப் பால்மா டின் வந்தது? ஊருக்குக் கண் இருக்கிறது.

பெரட்டில் நான் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். கேட்டார்கள், சொன்னேன். ஒரு கணக்கப்பிள்ளை குடும்பத்துக்குப் பெண் எடுக்கும்போது நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருந்தாலும் கூடப் பிறந்தவன் என்ற முறையில் ஒரு யோசனை சொல்கிறேன். சத்தியக் கடுதாசி கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள். அக்கரப்பத்தனையில் எனக்குத் தெரிந்த ஒருத்தர் இருக்கிறார். போன வருஷம் சம்சாரம் தவறிவிட்டது, இரண்டு பிள்ளைகள். வயது நாற்பதுக்குள். பெயரைப் பற்றி அவர் கேட்கமாட்டார்.

பரிசச் சேலையைத் திருப்பி அனுப்பிவிடு.

இராமையா


கல்வளைத் தோட்டம், நோட்டன் பிரிட்ஜ்
15.4.1957

அண்ணனுக்கு,

நேற்று வருஷப் பிறப்பு. உங்கள் வீட்டில் பலகாரம் சுட்டிருப்பீர்கள். நாங்கள் சுடவில்லை.

சேலை இத்துடன் வருகிறது. ஒரு தடவைகூட உடுத்தவில்லை. மடிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் எழுத மூன்று கிழமையானதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு இடத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது.

முதலில் ஹட்டனுக்குப் போனேன். அங்கே வேதக் கோயிலில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பாதிரியார் இருக்கிறார், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். நாகலெட்சுமியையும் கூட்டிப்போனேன். உங்கள் கிளாக்கர் வாசித்ததைச் சொன்னேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

அந்தச் சொல் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையதாம். இரண்டு துண்டு சேர்ந்தது. முன்துண்டுக்கு அருமையானது என்று பொருள். பின்துண்டு, சின்னது என்று காட்டுவதற்கு. வாத்துக் குஞ்சைச் சொல்லும்போதும் அவர்கள் வாத்து என்ற சொல்லுக்குப் பின்னால் அதே துண்டைத்தான் ஒட்டுவார்களாம். அந்தக் காலத்து அவர்கள் சாமியார்கள், யேசுவுக்குப் பிரியமான சீடனை இந்தச் சொல்லால் எழுதி வைத்திருக்கிறார்களாம். புருஷன் பெண்சாதி கொஞ்சுவதும் உண்டு, பிள்ளையைக் கொஞ்சுவதும் உண்டு. ராஜாவின் பிரியத்துக்கு ஆளானவன் என்ற பொருளும் மெய்தான் என்றார். உங்கள் கிளாக்கர் பொய் சொல்லவில்லை. பாதியை வாசித்திருக்கிறார், நீங்கள் உங்களுக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டீர்கள்.

நம் அப்பா என் பெயருக்குப் பின்னால் கண்ணு என்று ஒட்டினார். அவர் எந்தப் பங்களாவில் அதைப் படித்தார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இரண்டாவதாகத் தோட்ட ஆபீசுக்குப் போனேன். புதுக் கிளாக்கர் நல்ல பிள்ளை. பழைய பிறப்புப் புத்தகத்தைக் காட்டுங்கள் தம்பி என்று கேட்டேன். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துத் தூசி தட்டினார். 1938-ஆம் வருஷம், ஜூலை மாதம் ஒன்பதாம் தேதி, பெண். பெயர் என்ற இடத்தில் அந்தச் சொல். அப்பா பெயர் சோலைமலை. அம்மா பெயர் என் பெயர். கடைசிக் கட்டத்தில் தகவல் கொடுத்தவர் யார் என்று எழுதியிருந்தது. புதுக் கிளாக்கர் விரலை வைத்து வாசித்தார்: "இராமையா, தாய்மாமன், கொழுந்து நிறுப்பவர்."

பக்கத்தில் தமிழில் கையெழுத்து. கடைசி எழுத்தின் காலைப் பெயருக்கு அடியில் நீளமாக இழுத்து, முனையில் ஒரு சுழி. அந்தச் சுழியை எனக்குத் தெரியாதா? சிலேட்டில் போட்டுக் காட்டி, "பாத்தியா, தொரை கையெழுத்து மாதிரி இல்ல?" என்று கேட்பீர்களே.

நான் பிள்ளை பெற்றுப் பாயில் கிடந்தேன். இவள் அப்பாவுக்கு எழுதத் தெரியாது. நீங்கள்தான் ஆபீசுக்குப் போனீர்கள். நீங்கள் சொன்ன பெயர்தான் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அடுத்த மாதம், கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவர் கணக்கப்பிள்ளை ஆனீர்கள். ராஜாவின் பிரியத்தால் சலுகை பெற்றவன் என்று அகராதியில் இருக்கிறதே, அது யார் என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

எனக்குக் கலியாணம் பெரிதில்லை. என் மகளின் பெயர் கெட்டுக் கிடக்கிறது. எங்கே கெடுத்தீர்களோ அங்கேயே, அதே பெரட்டில், அதே ஆட்கள் முன்னால், அந்தப் பெயரை எழுதச் சொன்னது நான்தான் என்று சொல்ல வேண்டும்.

அம்மாக்கண்ணு


பெரியமலைத் தோட்டம், டயகம
28.4.1957

தங்கச்சிக்கு,

நீ ஆபீசுக்குப் போயிருக்க வேண்டாம். பழைய புத்தகத்தைக் கிளறுவது பெண்பிள்ளை செய்கிற காரியமா?

நடந்ததைச் சொல்கிறேன். நம் வழக்கத்தில் முப்பதாம் நாள்தான் பிள்ளைக்குப் பெயர் வைப்பது. ஆபீசுக்கு அது தெரியுமா? மாத அறிக்கை மேலே போக வேண்டும், பெயர்க் கட்டம் காலியாக இருக்கக்கூடாது. மூன்றாம் நாள் நான் போய் நின்றேன். "இன்னும் பேரு வைக்கலீங்க" என்றேன். அந்தத் தொரையின் கோபம் உனக்குத் தெரியும். மேசையைத் தட்டினார். தொரசாணி பக்கத்தில் நின்றாள். முதல் நாள்தான் லயம் பார்க்க வந்தவள் உன் பிள்ளையைத் தூக்கி அந்த வார்த்தையைச் சொல்லிக் கொஞ்சியிருந்தாள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "நேத்து தொரசாணி அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டாங்களோ, அதுதாங்க பேரு" என்றேன். அவள் கையைத் தட்டினாள். தொரையும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

முப்பதாம் நாள் நாகலெட்சுமி என்று பெயர் வைத்தோம். போய் மாற்றி எழுதச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அதற்குள் வேலை உயர்ந்துவிட்டது. தொரசாணிக்குப் பிடித்த பெயரை அடியுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? மச்சான் இரண்டு தடவை கேட்டார், "ஆபீசுல பேர மாத்திட்டீங்களா மச்சான்?" என்று. மாற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு மறந்தும் போனது.

அன்றைக்குச் செல்லசாமி வாசித்தபோது ஞாபகம் வந்தது. அவர்கள் சிரித்த சிரிப்புக்கு முன்னால் நான்தான் எழுதச் சொன்னேன் என்று சொல்ல வரவில்லை. அவ்வளவுதான்.

பெரட்டில் சொல் என்கிறாய். இருநூறு பேர் முன்னால் கணக்கப்பிள்ளை தன் வாயால் தன்னைத் தாழ்த்திக்கொண்டால், மறுநாள் யார் நான் சொன்ன மலைக்குப் போவார்கள்? கொஞ்சம் யோசி. நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வைகாசியில் சத்தமில்லாமல் கலியாணத்தை முடித்துவிடுவோம். செல்லசாமியை நான் பார்த்துக்கொள்கிறேன். சேலையைத் திரும்ப அனுப்பிவைக்கிறேன்.

இராமையா


கல்வளைத் தோட்டம், நோட்டன் பிரிட்ஜ்
5.5.1957

அண்ணனுக்கு,

என் புருஷன் இரண்டு தடவை கேட்டார் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். மாற்றியாயிற்று என்று நம்பிக்கொண்டே செத்துப்போனார்.

சத்தமில்லாத கலியாணம் வேண்டாம். சத்தமாகப் பேசினீர்கள், சத்தமாகவே திருத்துங்கள். இந்த மாதம் முடிவதற்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நான் பஸ் ஏறி வருகிறேன். புதுக் கிளாக்கர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்கள் பெரட்டில் நின்று நானே வாசிப்பேன். தட்டுத் தடுமாறித்தான் வாசிப்பேன். ஆனாலும் கடைசி வரைக்கும் வாசிப்பேன்.

நாகலெட்சுமி உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அவள் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். நீங்கள் அந்த வார்த்தையைச் சொன்ன காலையில் கணேசமூர்த்தி பெரட்டில் இருந்தானா? இருந்தால் என்ன செய்தான்? இதற்கு மட்டும் பொய் எழுத வேண்டாம்.

அம்மாக்கண்ணு


பெரியமலைத் தோட்டம், டயகம
19.5.1957

அம்மாக்கண்ணுவுக்கு,

சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை காலை. நல்ல மழை. ஆட்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஆள் பிரித்து முடித்த பிறகும் யாரையும் போகச் சொல்லவில்லை. கல்வளைத் தோட்டத்துப் பிள்ளை விஷயத்தில் நான் சொன்னது தப்பு, அந்தப் பெயரை ஆபீசில் எழுதச் சொன்னது நான்தான், அதை மாற்றாமல் விட்டது என் தங்கச்சிக்கும் மச்சானுக்கும் தெரியாது என்றேன். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. "மழையில கேக்கலீங்க, சத்தமாச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து பெண்கள் கத்தினார்கள். இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியதாயிற்று.

பிறகு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்காரன் கந்தப்பன் கேட்டான்: "எதுக்குங்க எழுதச் சொன்னீங்க?"

"தொரசாணிய சந்தோசப்படுத்தத்தான்" என்றேன். பொய் சொல்ல நேரமில்லை.

"அப்ப அந்த டார்லிங் நீங்கதானுங்களா ஐயா?"

இருநூறு பேரும் சிரித்தார்கள். நானே அவர்களை மலைக்குப் போகச் சொன்னேன். போனார்கள். ஆனால் இப்போது மேட்டுமலையில் நான் ஏறும்போது கீழே கொழுந்து எடுக்கும் நிரையிலிருந்து ஒரு குரல் வருகிறது, "டார்லிங் வர்றாரு, கையப் போடுங்கடி." யாருடைய குரல் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. செல்லசாமி காதிலும் விழுந்துவிட்டது. உனக்கு இப்போது திருப்தியா?

உன் மகள் கேட்டதற்குப் பதில். கணேசமூர்த்தி அன்றைக்கு நின்றான். என் பக்கத்தில்தான் நின்றான். சிரிக்கவில்லை. ஒன்றும் பேசவுமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் நல்ல பிள்ளை, தகப்பன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசினதில்லை.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். சேலை இத்துடன் வருகிறது. ஆனியில் ஒரு நாள் பார்த்து எழுது.

இராமையா


கல்வளைத் தோட்டம், நோட்டன் பிரிட்ஜ்
2.6.1957

அண்ணனுக்கு,

நீங்கள் சொன்ன செய்தி கடிதத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. மாயாண்டியின் பெண்சாதிக்கு அவள் அண்ணன் சொல்லியனுப்பியிருந்தான். பீலியடியில் இப்போது யாரும் கத்துவதில்லை. கத்தின ஒருத்தி நாகலெட்சுமியின் குடத்தை அவள் இடுப்புக்குத் தூக்கிவிட்டாளாம்.

செய்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் கெடுத்ததை நீங்கள் சரிசெய்தீர்கள். அதற்கு நன்றி எழுத வரவில்லை.

புதுக் கிளாக்கர் பெயரை மாற்றச் சத்தியக் கடுதாசி எழுதித் தருகிறேன் என்றார். நாகலெட்சுமி வேண்டாம் என்றுவிட்டாள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள், கூப்பிட்டிருக்கிறார்கள். பத்திரத்தில் இருக்கிற பெயரில்தான் மனுப் போட்டாள். "யாராச்சும் சிரிச்சா வாத்துக்குஞ்சுக் கதையச் சொல்லிக்கிறேன்" என்கிறாள். அடுத்த திங்கட்கிழமை போகிறாள்.

உங்கள் கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். பெரட்டில் நீங்கள் பேசினதைப் படித்து முடித்து, கணேசமூர்த்தி தரையைப் பார்த்து நின்ற இடத்தை இரண்டாம் தடவை படித்தாள். உங்கள் மகன் நல்ல பிள்ளைதான் என்று நானும் சொன்னேன். எனக்கு இந்தக் கலியாணத்தில் ஆசை இருந்தது, அதை மறைக்கவில்லை. அண்ணன் மகன், உரிமையுள்ளவன், குடிக்கமாட்டான் என்றெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கடிதத்தை மடித்தாள்.

"தரையப் பாத்தவரு தரையவே பாத்துக்கிட்டு இருக்கட்டும்மா" என்றாள். "மாமா யாரையும் கேக்காம எனக்கு ஒரு பேரு வச்சாரு. அத வச்சுக்கிட்டேன். புருஷனையும் அவரே வைக்க வேணாம்."

சேலையை இரண்டாம் தடவையாக அனுப்புகிறேன். மூன்றாம் தடவை அது இங்கே வர வேண்டாம்.

அம்மாக்கண்ணு